தட்டணு மாத்திரையால் ஹீமோகுளோபினும் ஏறுகிறதே, எப்படி? (ரத்த ஸ்டெம் செல்லின் ஏற்பிகள்)

மலைச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்குக் கடுமையான அப்லாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களைச் செய்யாத நோய். வீட்டில் எவருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. அதனால் ஏ.டி.ஜி. என்ற ஆன்டிபாடி மருந்தைக் கொடுத்து, சைக்ளோஸ்போரினும் எல்ட்ரோம்போபாக் மாத்திரையும் தொடர்கிறார்கள். முதல் இரண்டும் மஜ்ஜையைத் தாக்கும் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) அடக்குவதற்கு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது "மஜ்ஜையைத் தூண்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெளியே வரிசை நீண்டிருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மாத்திரையோடு வந்த தாளில் இது தட்டணுக்களைக் கூட்டும் மருந்து என்றுதான் இருக்கிறது. ஆனால் பையனுக்குத் தட்டணு மட்டும் ஏறவில்லை. ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் மெல்ல ஏறுகின்றன, ரத்தம் ஏற்றும் இடைவெளியும் நீண்டிருக்கிறது. சிகிச்சை ஆலோசனை கேட்டு இங்கே எழுதவில்லை, அதற்கு எங்கள் மருத்துவர் இருக்கிறார். கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன் என்பதால் காரணம் தெரிந்துகொள்ள ஆசை. இரண்டு கேள்விகள்.

தட்டணுவுக்கான ஏற்பி (தூண்டும் புரதம் வந்து ஒட்டும் செல்மேற்பரப்புப் புரதம்), எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான ஸ்டெம் செல்லிலும் இருக்கிறதா? இருந்தால் அங்கே அதற்கு என்ன வேலை?

இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தட்டணுவைத் தூண்டும் இயற்கையான புரதம் ஏற்கெனவே மிகுதியாக இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் வெளியிலிருந்து இன்னொரு தூண்டல் எதற்கு?

செல்வளர்ப்பு:

ஐயா, ரத்த ஸ்டெம் செல்களை வளர்ப்பதுதான் என் ஆய்வு. எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை: ஆம், இருக்கிறது. அந்த ஏற்பியின் பெயர் எம்பிஎல். எலிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவாக 1990-இல் முதலில் அடையாளம் காணப்பட்டது. எதற்கான ஏற்பி என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1994-இல் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதில் ஒட்டும் புரதத்தைப் பிரித்தெடுத்தன. அதுதான் திராம்போபொயட்டின். தட்டணுக்களை உற்பத்தி செய்யும் மெகாகேரியோசைட் செல்களை அது பெருக்கியதால் பெயரும் அந்த வேலையை ஒட்டியே அமைந்துவிட்டது.

பிறகு எம்பிஎல் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். தட்டணுக்கள் 85 முதல் 90 விழுக்காடு வரை சரிந்தன. அது எதிர்பார்த்ததுதான். சிவப்பணுவும் வெள்ளணுவும் ரத்தத்தில் சரியாகவே இருந்தன. ஆனால் மஜ்ஜைக்குள் பார்த்தபோது எல்லா வகை முன்னோடிச் செல்களும் குறைந்திருந்தன. அந்த மஜ்ஜையை எடுத்து இயல்பான மஜ்ஜையோடு கலந்து, கதிர்வீச்சு பெற்ற எலிகளுக்குச் செலுத்தினால் போட்டியில் தோற்றுப்போனது. அதாவது குறை ஸ்டெம் செல்லிலேயே இருந்தது. வெளி ரத்தத்தை மட்டும் எண்ணிப் பார்த்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம்.

மனிதர்களில் இது இன்னும் தெளிவு. இரண்டு எம்பிஎல் பிரதிகளும் பழுதான குழந்தைகள் உண்டு. பிறக்கும்போதே தட்டணு மிகக் குறைவாக இருக்கும், மற்ற இரண்டும் சரியாக இருக்கும். சில ஆண்டுகளில் மஜ்ஜை முழுவதுமே வற்றிவிடும். தட்டணுவுக்கு மட்டுமான ஏற்பியாக இருந்தால் இப்படி நடக்காது.

இரண்டாம் கேள்வி அருமையானது. தட்டணுக்களின் மேற்பரப்பிலும் எம்பிஎல் இருக்கிறது. அவை திராம்போபொயட்டினைப் பிடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். தட்டணுவும் மெகாகேரியோசைட்டும் குறைந்தால் பிடிக்க ஆளில்லாமல் ரத்தத்தில் அதன் அளவு எகிறும். அப்லாஸ்டிக் அனீமியாவில் அது பல மடங்கு உயர்வதற்குக் காரணம் இதுதான். அவ்வளவு இருந்தும் ஸ்டெம் செல்லுக்கு ஏன் பயனில்லை? டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம், திராம்போபொயட்டினோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு, ஏற்பியைத் தொடவேண்டிய பக்கத்தை மறைத்துவிடுகிறது என்று 2019-இல் காட்டினார்கள். எல்ட்ரோம்போபாக் அந்தப் பக்கத்துக்கே போவதில்லை. அது சிறிய மூலக்கூறு. செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் எம்பிஎல் துண்டில், 499-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நாடிப் பிடிக்கிறது. எனவே வெளியே நடக்கும் அடைப்பு அதைத் தடுப்பதில்லை.

இரவுப்பணி:

நான் ரத்தநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். மேலே எழுதியவரின் விளக்கத்தோடு மருத்துவமனைப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

2012-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் குழு, ஏ.டி.ஜி.க்குப் பிறகும் தேறாத 25 பேருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தது. 11 பேருக்கு ஏதேனும் ஒரு வகை அணுவாவது உயர்ந்தது, சிலருக்கு மூன்றும் உயர்ந்தன. அதற்கு முன்பு வேறெந்தத் தனி வளர்ச்சிக் காரணியும் இந்த நோயில் நிலையான பலன் தந்ததில்லை. சிவப்பணுவைத் தூண்டும் எரித்ரோபொயட்டினையும் வெள்ளணுவைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப்-ஐயும் முயன்று பார்த்திருந்தார்கள். அவற்றுக்குச் செவிசாய்க்கும் செல்கள் மஜ்ஜையில் இருந்தால்தானே தூண்டமுடியும்? எரித்ரோபொயட்டின் ஏற்பி, சிவப்பணு வரிசையில் பல படி இறங்கிய பிறகே முழு வேகத்தில் தோன்றுகிறது.

2017-இல் அதே நிறுவனத்தில் 92 பேருக்கு ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரினோடு இதையும் சேர்த்தார்கள். முதல் நாளிலிருந்தே மூன்றையும் பெற்ற பிரிவில் ஆறு மாத முடிவில் 58 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினர். பழைய முறையில் அது 10 விழுக்காடு. 2022-இல் ஐரோப்பாவில் 197 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. மூன்று மாதத்தில் 10 என்பது 22 ஆயிற்று. இருந்தாலும் இரண்டு மடங்கு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல்லைத் தூண்டுகிறோம் என்றால் அதில் ஏற்கெனவே பிறழ்வு உள்ள செல்லையும் தூண்டக்கூடும். முன்னே சொன்ன முதல் ஆய்வை 43 பேர் வரை நீட்டித்தபோது 8 பேரிடம் குரோமோசோம் மாற்றம் உள்ள செல்கூட்டம் தோன்றியது. அவர்களில் சிலருக்கு 7-ஆம் குரோமோசோம் இழப்பு, அது கவலைக்குரியது. அதனால்தான் இடையிடையே மஜ்ஜைப் பரிசோதனை கேட்கிறோம். பையன் தேறிவருகிறான் என்ற மகிழ்ச்சியில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வியன்:

செல்வளர்ப்பு எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் எம்பிஎல்லை மட்டும் காரணமாக்குவது அவசரம் என்று தோன்றுகிறது. எல்ட்ரோம்போபாக் இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறும் கூட. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இந்த நோயாளிகளின் உடலில் இரும்பு தேங்கியிருக்கும். இரும்பைக் குறைத்தாலே மஜ்ஜை தேறுவதாகப் பல மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். எலியின் எம்பிஎல்லில் அந்த ஹிஸ்டிடின் கிடையாது, எனவே எலியில் இந்த மருந்து ஏற்பியைத் தொடவே முடியாது. அப்படியிருந்தும் எலியின் ஸ்டெம் செல்லை அது மாற்றியது என்று 2018-இல் ஆய்வு வந்ததே?

செல்வளர்ப்பு:

அந்த ஆய்வு சரியானதுதான். ஏற்பியில்லாத வழியிலும் எல்ட்ரோம்போபாக் வேலை செய்கிறது. செல்லுக்குள் இரும்பு குறையும்போது ஸ்டெம் செல்லின் வளர்சிதை மாற்றம் திரும்பி, அது தன்னைப் புதுப்பித்துக்கொள்வது கூடுகிறது. இதை நான் மறுக்கவில்லை.

எம்பிஎல் வழியும் உண்மை என்பதற்கு இன்னொரு மருந்து சாட்சி. ரோமிப்ளோஸ்டிம் என்பது ஊசியாகச் செலுத்தும் புரதம். எம்பிஎல்லின் வெளிப்பகுதியில்தான் ஒட்டுகிறது, இரும்பைப் பிடிக்கும் தன்மை அதற்கு இல்லை. அதுவும் பிற சிகிச்சைகளில் தேறாத அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளில் மூன்று வகை அணுக்களையும் உயர்த்தியது. ஜப்பானில் 2019-இல் இந்த நோய்க்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

பழைய ஆய்வகம்:

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகிவிட்டன, ஆனால் இந்தப் பொருளைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் எம்பிஎல்லில் தொடங்கிவிட்டீர்கள். ஸ்டெம் செல் ஏற்பிகளில் மூத்தது 'கிட்'. அது கண்டுபிடிக்கப்பட்ட வழியை எந்தப் பாடப்புத்தகமும் போதிய இடம் கொடுத்துச் சொல்வதில்லை.

எலி வளர்ப்பவர்களிடம் வெள்ளைப் புள்ளி விழுந்த எலிகள் நெடுங்காலமாக இருந்தன. அவற்றில் இரண்டு தனித்தனிப் பரம்பரைகள். ஒன்றின் பிறழ்வுக்கு 'டபிள்யூ' என்றும், மற்றதற்கு 'ஸ்டீல்' என்றும் பெயர். வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள வெவ்வேறு மரபணுக்கள். ஆனால் விளைவு ஒன்றே: ரோமத்தில் நிறமில்லை, கடும் ரத்தசோகை, மலட்டுத்தன்மை. நிறச் செல், ரத்தச் செல், இனப்பெருக்கச் செல் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்றும் ஒன்றாகக் கெடுவது ஏன் என்பது பெரும் புதிர்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே எலிசபெத் ரஸ்ஸல் 1950-களில் டபிள்யூ எலிகளுக்கு இயல்பான எலியின் ரத்தமாக்கும் செல்களைச் செலுத்தி ரத்தசோகையைக் குணப்படுத்தினார். டொரோன்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லோவும் 1961-இல் மண்ணீரலில் முளைக்கும் செல்கூட்டங்களை எண்ணி ஸ்டெம் செல்லை அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். அந்த முறையை 1964, 1965 ஆண்டுகளில் இந்த இரண்டு எலிகளுக்கும் பயன்படுத்தினார்கள். முடிவு கண்ணாடி போல் தெளிவு. டபிள்யூ எலியின் மஜ்ஜையை இயல்பான எலிக்குள் செலுத்தினால் செல்கூட்டம் முளைக்காது. ஸ்டீல் எலியின் மஜ்ஜையைச் செலுத்தினால் நன்றாகவே முளைக்கும். ஆனால் ஸ்டீல் எலிக்குள் எவ்வளவு நல்ல மஜ்ஜையைச் செலுத்தினாலும் தேறாது. ஸ்டீல் எலியின் மஜ்ஜை டபிள்யூ எலியைக் குணமாக்கியது! ஒன்றில் விதை பழுது, மற்றதில் நிலம் பழுது.

ஏற்பி, காரணி என்ற சொற்கள் எதுவும் இந்தக் கதைக்குள் வராத காலம் அது. எலிகளை மாற்றி மாற்றி மஜ்ஜை செலுத்தியே, செல்லில் ஒரு பொருளும் அதன் சூழலில் இன்னொரு பொருளும் ஒன்றையொன்று தேடுகின்றன என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். விடை கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பூனைகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ் ஒன்றில் 1986-இல் கிட் மரபணு அகப்பட்டது. 1988-இல் டபிள்யூ என்பது கிட் ஏற்பியே என்று நிறுவினார்கள். 1990-இல் ஸ்டீல் என்பது அந்த ஏற்பியில் ஒட்டும் காரணி என்று பல குழுக்கள் ஒரே மாதத்தில் அறிவித்தன. குழுவுக்கு ஒரு பெயர் வைத்ததால் ஸ்டெம் செல் காரணி, ஸ்டீல் காரணி, கிட் இணைபொருள், மாஸ்ட் செல் வளர்ச்சிக் காரணி ஆகிய நான்கும் ஒரே புரதம்தான். மாணவர்கள் இதில் குழம்ப வேண்டாம்.

இன்னொரு நுட்பம். இந்தக் காரணி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: செல் சவ்வில் பதிந்தபடி ஒன்று, அறுந்து மிதப்பது ஒன்று. ஸ்டீல் வகை எலிகளில் ஒன்றுக்கு 'ஸ்டீல்-டிக்கி' என்று பெயர். அதன் மரபணுவில் சவ்வில் பதியும் துண்டு மட்டும் இல்லை, மிதக்கும் வடிவம் சுரக்கிறது. அந்த எலிக்கும் ரத்தசோகை வருகிறது! மிதக்கும் காரணி மட்டும் போதாது. பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் ஊன்றி நிற்கும் காரணியை ஸ்டெம் செல் தொட்டாக வேண்டும். அதனால் ஸ்டெம் செல் எங்கே குடியிருக்கிறது என்பது கிட்டைப் பொறுத்தவரை வாழ்வா சாவா என்ற கேள்வி. 2012-இல் அந்தச் சூழலையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். எலும்பு செய்யும் செல்களிலிருந்து காரணியை நீக்கினால் ஸ்டெம் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தநாளத்தின் உட்சுவர்ச் செல்களிலிருந்தும் நாளத்தை ஒட்டிய செல்களிலிருந்தும் நீக்கியபோதுதான் ஸ்டெம் செல்கள் அழிந்தன.

நெய்தல்:

இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். எனக்கு நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்று. பல ஆண்டுகளாக இமாட்டினிப் எடுக்கிறேன், நோய் கட்டுக்குள் இருக்கிறது. என் நிறம் பழையபடி இல்லை, நன்றாக வெளுத்துவிட்டேன். வெண்படை என்று ஊரில் பேசுகிறார்கள், திருமண வீடுகளில் சங்கடமாக இருக்கிறது. பழைய ஆய்வகம் ஐயா சொன்ன வெள்ளை எலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அந்த மருந்து கிட்டையும் தடுக்கும் என்று எங்கோ படித்தேன். தடுத்தால் என் ஸ்டெம் செல்கள் என்ன ஆகும்?

பழைய ஆய்வகம்:

உண்டு, அம்மா. நேரான தொடர்பு. இமாட்டினிப் நோய்க்குக் காரணமான ஏபிஎல் புரதத்தைத் தடுப்பதோடு கிட்டையும் தடுக்கிறது. நிறச் செல்கள் நிறமி செய்வதற்குக் கிட்டின் சமிக்ஞை வேண்டும். அதனால் கருமையான தோல் உடையவர்களுக்கு இந்த வெளுப்பு நன்றாகவே தெரியும். இது தொற்றும் நோயல்ல. மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் நிறம் திரும்புகிறது. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சுனிடினிப் என்ற இன்னொரு மருந்தில் தலைமுடியே பட்டை பட்டையாக நரைக்கும், மருந்து இடைவெளியில் கருமை வளரும். கிட் மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறந்த மனிதர்களுக்கு முன்நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை இருக்கும். ரத்தம் அவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். ஊர்க்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்: மருந்து வேலை செய்கிறது, தோலும் அதற்குப் பதில் சொல்கிறது.

இரவுப்பணி:

ஸ்டெம் செல் பற்றிய கேள்விக்கு நான் பதிலளிக்கிறேன். ஏற்பியைப் பிறவியிலேயே இழப்பதும், பெரியவரான பிறகு மருந்தால் ஓரளவு தடுப்பதும் ஒன்றல்ல. இமாட்டினிப் எடுப்பவர்களுக்கு லேசான ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வருவதுண்டு. லுக்கேமியாவே இல்லாமல் குடல் கட்டிக்காக எடுப்பவர்களிடமும் பார்க்கிறோம். மஜ்ஜை வற்றிப்போவதில்லை. உங்கள் மருத்துவரிடம் நிறமாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அவ்வப்போது அணு எண்ணிக்கை பாருங்கள், அது போதும்.

நெய்தல்:

மிக்க நன்றி. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன்.

கேள்வியன்:

இப்போது என்னை உறுத்தும் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். 'வளர்ச்சிக் காரணி ஸ்டெம் செல்லுக்குக் கட்டளையிடுகிறது' என்ற தொனி எல்லாப் பதிவுகளிலும் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. செல் தன் போக்கில், தற்செயலாக ஒரு பாதையைத் தேர்ந்துகொள்கிறது. காரணி அந்தப் பாதையில் போகும் செல் சாகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டில், மெக்கல்லோ இருவருமே 1964-இல் தற்செயல் மாதிரியை முன்வைத்தவர்கள்.

வலுவான சான்று 1999-இல் வந்தது. எலியின் எம்பிஎல் ஏற்பியில் செல்லுக்குள் நீளும் பகுதியை வெட்டி, வெள்ளணுவைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஏற்பியின் உட்பகுதியை அங்கே பொருத்தினார்கள். திராம்போபொயட்டின் வந்து ஒட்டும்போது உள்ளே போவது வெள்ளணுச் சமிக்ஞை. ஆனால் தட்டணு எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது! ஏற்பி கட்டளையிடுவதாக இருந்தால் அங்கே வெள்ளணு அல்லவா பெருகியிருக்க வேண்டும்?

செல்வளர்ப்பு:

அந்தச் சோதனை எனக்கும் பிடித்தது. ஆனால் அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் ஒன்று வந்தது. லிம்ஃபோசைட்டாக மட்டுமே மாறவேண்டிய முன்னோடிச் செல்லில் வேறு ஏற்பியைப் புகுத்தி அதன் காரணியைக் கொடுத்தபோது, அது பாதை மாறி மைலாய்டு என்ற வேறு கிளைச் செல்லானது. உயிர் காப்பது மட்டும்தான் ஏற்பியின் வேலை என்றால் இது நடக்காது. 2009-இல் ஒவ்வொரு செல்லையும் நாட்கணக்கில் படம்பிடித்துக் கண்காணித்தார்கள். வேண்டாத பாதைச் செல்கள் செத்து விழுந்து கணக்கு மாறுவதாக இருந்தால் படத்தில் சாவு தெரிய வேண்டும். தெரியவில்லை. எம்-சிஎஸ்எஃப் என்ற காரணியைக் கொடுத்தால் மேக்ரோஃபேஜ், ஜி-சிஎஸ்எஃப் கொடுத்தால் கிரானுலோசைட் (இரண்டும் மைலாய்டு வகைகள்) என்று செல்லே திரும்பியது.

அவை முன்னோடிச் செல்கள், ஸ்டெம் செல் அல்ல என்பீர்கள். 2013-இல் பிரான்ஸின் மார்செய் குழு நீண்டகால ஸ்டெம் செல்லையே எடுத்து, எம்-சிஎஸ்எஃப் அதில் மைலாய்டு பாதைக்குரிய பியூ.1 மரபணுவை நேரடியாகத் தூண்டுவதைத் தனிச் செல் அளவில் காட்டியது.

என் கருத்தைச் சொல்கிறேன். கட்டளையா அனுமதியா என்று எல்லா ஏற்பிக்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்பதுதான் நம்மை இடறச்செய்கிறது. எம்-சிஎஸ்எஃப் ஏற்பி திசை காட்டுகிறது. கிட்டும் எம்பிஎல்லும் ஸ்டெம் செல்லில் திசை எதையும் காட்டுவதில்லை, அதை ஸ்டெம் செல்லாகவே நீடிக்கவைக்கின்றன. எம்பிஎல் சமிக்ஞை வலுத்தால் ஸ்டெம் செல் உறக்கநிலையிலேயே தங்குகிறது என்றுகூட எலிகளில் காட்டியிருக்கிறார்கள். 'வளர்ச்சிக் காரணி' என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால், ஏற்பியைத் தொட்டாலே செல் பெருகும் என்று நினைத்துவிடுகிறோம். கிட் ஏற்பி குறைவாக உள்ள ஸ்டெம் செல்தான், அது மிகுந்த ஸ்டெம் செல்லைவிட நீண்டகாலம் ரத்தம் தருகிறது என்பதும் 2014-இல் தெரிந்துவிட்டது. மிகுந்திருப்பது நல்லது என்று எண்ணி, கிட் கூடிய செல்களை மட்டும் பிரித்தெடுத்தால் சிறந்தவற்றை இழப்போம்.

கேள்வியன்:

ஏற்பிக்கு ஏற்பி விடை மாறும் என்பதை ஏற்கிறேன். 2013 ஆய்வை முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன். ஆனால் 1999 எலிக்கு உங்கள் பதிலில் இன்னும் இடமில்லை.

செல்வளர்ப்பு:

இருக்கிறது. அந்த எலி சொல்வது, எம்பிஎல் திசை காட்டும் ஏற்பி அல்ல என்பதை. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

மலைச்சாரல்:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதும் அனைவருக்கும் நன்றி. மாணவர்களுக்கும் இந்த இழையைக் காட்டப்போகிறேன். ஒரு துணைக் கேள்வி. எஃப்எல்டி3 என்ற ஏற்பியும் பட்டியல்களில் வருகிறது. சில கட்டுரைகள் 'எஃப்எல்டி3 இல்லாததே உண்மையான ஸ்டெம் செல்' என்கின்றன, சில அதை ஸ்டெம் செல் ஏற்பி என்கின்றன. எது சரி?

செல்வளர்ப்பு:

எந்த விலங்கு என்று பாருங்கள், குழப்பம் தீரும். எலியில் நீண்டகால ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் எஃப்எல்டி3 இல்லை. அது தோன்றும்போது தன்னைப் புதுப்பிக்கும் திறன் போய்விடுகிறது. மனிதரில் அப்படி இல்லை. மேற்பரப்பில் சிடி34 என்ற அடையாளப் புரதம் உள்ள, சிடி38 இல்லாத மனித ஸ்டெம் செல்களில் எஃப்எல்டி3 இருக்கிறது, அந்தச் செல்கள் எலிக்குள் நீண்டகாலம் மனித ரத்தம் தருகின்றன. எலியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே மனிதருக்கு மாற்றக்கூடாது என்பதற்கு மாணவர்களிடம் காட்ட நல்ல எடுத்துக்காட்டு. தீவிர மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எஃப்எல்டி3 பிறழ்வு இருக்கிறது. இணைபொருள் (ஏற்பியில் ஒட்டும் காரணி) இல்லாமலே ஏற்பி இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கும் மருந்துகளில் மிடோஸ்டாரின் 2017-இல், கில்டெரிடினிப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஆய்வகத்தில் மனித ஸ்டெம் செல்லுக்கு நாங்கள் கொடுக்கும் வழக்கமான கலவை, ஸ்டெம் செல் காரணி, திராம்போபொயட்டின், எஃப்எல்டி3 இணைபொருள் மூன்றும்தான். மரபணுச் சிகிச்சைக்கும் ஏறத்தாழ இதுவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சிடி34 செல்களிலேயே மரபணுவைச் செலுத்தித் திருப்பிக் கொடுத்த ஆய்வு 2024 இறுதியில் வெளியானது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் என்னை வாட்டும் பிரச்சினை ஒன்று உண்டு. காரணிகள் நிறைந்த ஊடகத்தில் செல் எண்ணிக்கை பெருகும், ஆனால் நாள் ஆக ஆக உண்மையான ஸ்டெம் செல்கள் தேய்ந்துகொண்டே போகும். 2019-இல் எலிச் செல்களுக்கு ஒரு வழி கிடைத்தது. சீரத்தில் வரும் ஆல்புமினை அகற்றி, பசையில் பயன்படும் பாலிவினைல் ஆல்கஹாலை அதன் இடத்தில் வைத்தார்கள். திராம்போபொயட்டினைக் கூட்டி, ஸ்டெம் செல் காரணியைக் குறைத்தார்கள். ஸ்டெம் செல்கள் 200 மடங்குக்கு மேல் பெருகின. அதே கலவை மனிதச் செல்லுக்குப் போதவில்லை. 2023-இல் மனிதச் செல்லுக்கு வந்த வழி இன்னும் வியப்பு: காரணிப் புரதங்களையே கைவிட்டு, எம்பிஎல்லைத் தூண்டும் சிறு மூலக்கூறு ஒன்றையும், கிட்டுக்குக் கீழே இருக்கும் பிஐ3கே பாதையைத் தூண்டும் பொருளையும் வேறு சிலவற்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கும் கடைசியில் அதே இரண்டு ஏற்பிகளின் பாதைகள்தான் மிஞ்சின.

பழைய ஆய்வகம்:

கிட்டை எதிர்த்திசையில் பயன்படுத்துவதையும் சொல்லிவிடுங்கள், அது எங்கள் தலைமுறை கனவு கண்டது. மாற்று மஜ்ஜைக்கு இடம் செய்ய இப்போது கதிர்வீச்சோ புசல்ஃபான் என்ற மருந்தோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கிறோம். குழந்தைகளின் உடல் அதில் படும் பாடு கொஞ்சமல்ல. கிட் ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடியால் மட்டுமே பழைய ஸ்டெம் செல்லை வெளியேற்ற முடியும் என்று 2007-இல் நோயெதிர்ப்பு இல்லாத எலிகளில் காட்டினார்கள். 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஃபான்கோனி அனீமியா உள்ள மூன்று குழந்தைகளுக்கு, கதிர்வீச்சும் புசல்ஃபானும் இல்லாமல் அத்தகைய ஆன்டிபாடியோடு மாற்றுச் சிகிச்சை செய்ததை வெளியிட்டது. ஃபான்கோனி குழந்தைகளின் செல்களால் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய முடியாது. கதிர்வீச்சு அவர்களுக்கு எவ்வளவு கொடியது என்று அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் அருமை புரியும்.

இரவுப்பணி:

ஐயா சொன்ன டபிள்யூ எலி, ஸ்டீல் எலி இரண்டையும் படித்தபோது, அதே புதிர் மனிதக் குழந்தைகளில் திரும்பி வந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. இளம் மருத்துவர்கள் இதைப் படித்தால் பயன்படும்.

தட்டணு மிகக் குறைந்து, மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எம்பிஎல் பழுது. மஜ்ஜை வற்றும் முன் மாற்றுச் சிகிச்சை செய்தால் குணமாகிறார்கள், ஏனெனில் புதிய ஸ்டெம் செல்லில் நல்ல ஏற்பி இருக்கிறது. ஏற்பியே செல்லின் மேற்பரப்புக்கு வராதவர்களுக்கு எல்ட்ரோம்போபாக் பயன் தராது.

ஆனால் அதே தோற்றத்தோடு வந்த சில குழந்தைகளுக்கு மாற்றுச் சிகிச்சை செய்தும் புதிய மஜ்ஜை தேறவில்லை. கொடையாளர் சரி, செல்களும் சரி. காரணம் 2017-இல் தெளிவானது: அவர்களுக்குப் பழுது ஏற்பியில் இல்லை, திராம்போபொயட்டின் மரபணுவில். திராம்போபொயட்டின் மஜ்ஜையில் சுரப்பதல்ல, பெரும்பகுதி கல்லீரலில் சுரக்கிறது. கல்லீரல் செல்களில் மட்டும் அந்த மரபணுவை நீக்கிய எலிகளில் மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் அழிந்ததை 2018-இல் காட்டினார்கள். மஜ்ஜையை எத்தனை முறை மாற்றினாலும் கல்லீரல் பழைய கல்லீரல்தானே. ஸ்டீல் எலிக்கு நல்ல மஜ்ஜை செலுத்தியும் தேறாதது போலத்தான். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ரோமிப்ளோஸ்டிம் ஊசி போட்டபோது மூன்று வகை அணுக்களும் ஏறின.

இரண்டு நோய்களும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வெளிப்படும். எனவே சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தத்தில் திராம்போபொயட்டின் அளவைப் பார்த்தாலே ஒரு குறிப்புக் கிடைக்கும்: ஏற்பி பழுது என்றால் அது மிக உயர்ந்திருக்கும், காரணியே பழுது என்றால் அப்படி உயராது. கொடையாளரைத் தேடத் தொடங்கும் முன் இரண்டு மரபணுக்களையும் வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்:

எங்கள் பையனுக்கும் அந்தப் பரிசோதனை தேவையா? அவனுக்குச் சிறு வயதில் தட்டணு இயல்பாகவே இருந்தது.

இரவுப்பணி:

சிறு வயதில் இயல்பாக இருந்திருந்தால் இந்த இரண்டும் பெரும்பாலும் இல்லை. அந்தப் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் வீட்டில் இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பிறவி மஜ்ஜைக் கோளாறுகளை ஒதுக்குவதற்கு அது அவருக்கு உதவும்.